அசல் கொண்டு வரவும்

பீடோங் பதிவிலாகாவுக்கு எதிர்வரிசையில் என் நகல் கடை.
பக்கத்துக்குப் பத்து காசு,
வண்ணமென்றால் ஒரு வெள்ளி.
கூட்டமில்லாத மதியங்களில்
கெட்டுப்போன தாள்களின் முதுகில்
கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதையில் ஒருவன், வயிற்றில் பிறக்காதவன்.
ஒரு பணக்காரனின் கன்னத்துத் தோலிலிருந்து
கண்ணாடிக் குடுவையில் வளர்ந்தவன்.
ஏழாம் அத்தியாயத்தில்
அவன் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ள வருகிறார்கள்.
வார இதழில் போடுவதாகச் சொன்ன பரஞ்சோதி
தொலைபேசியில் ஒன்று கேட்டார்:
"அவன் முழு மனுசனா இல்லையா?
அதை முதல்ல முடிவு பண்ணுங்க.
வாசகன் அழணுமா வேண்டாமான்னு தெரியணுமில்ல."

மூன்று வாரமாக முடிவு பண்ணுகிறேன்.
தாளின் நடுவே கோடு போட்டு
இந்தப் பக்கம் ஆம், அந்தப் பக்கம் இல்லை.
சிரிக்கிறான். ஆம்.
பல்வலி வருகிறது. ஆம்.
பிறந்தநாள்
என்று எழுதிவிட்டு
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
தேநீர் ஆற்றப் போனேன்.

கடைக்குப் பின்னால் இன்னும் சாய்க்காத ரப்பர் நிரை.
எல்லாம் அறுநூறாம் நம்பர்.
ஒரே மரத்தின் மொட்டை ஒட்டி ஒட்டி நட்டது.
ஆனால் பால் வெட்டும் செபஸ்தியம்மாளைக் கேட்டால்
மூன்றாம் நிரையில் ஒன்று வாளி வழியச் சுரக்கும் என்பாள்,
அடுத்தது பட்டை வறண்டது என்பாள்,
லாரி இடித்த தழும்போடு சாலையோரம் நிற்பதை மட்டும்
"அது ஒரு மாதிரி" என்பாள்.
அதைக் கதையில் வைத்தேன். பிறகு அடித்தேன்.
மரத்தைக் காட்டி மனிதனை நிரூபிக்கக்
கூச்சமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை யுகேந்திரன் வந்தான்.
செம்பனைக் குலை ஏற்றுகிறவன். முப்பத்தொரு வயது.
உறைக்குள் ஏழு தாள், ஏழும் நகலின் நகல்.
பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர்க் கட்டத்தில்
மக்லுமாட் தீடாக் டிபெரோலெஹி.
தகவல் கிடைக்கவில்லை.
தாயின் கட்டத்திலும் அதே.
எடுக்க எடுக்க எழுத்து தடிக்கிறது;
பள்ளி அட்டையில் இருந்த பையன்
இப்போது வெறும் காதும் கழுத்தும்.
அசல் வெள்ளத்தில் போனது என்கிறான்.
கவுண்டரில் அசல் கேட்கிறார்கள்.
பதினோரு வருடமாகக் கேட்கிறார்கள்.

இயந்திரம் சூடாகும்வரை
அவனிடம் கதையைச் சொன்னேன், ஏனோ.
குடுவை, கன்னத்துத் தோல், ஏழாம் அத்தியாயம்.
கேட்டுவிட்டு,
"அவனுக்கு சொக்சோ யாரு கட்டுறா?"
யாருமில்லை என்றேன்.
"வேல செய்யிறான்ல?"
அதை நான் எழுதவே இல்லை. செய்வான், என்றேன்.
"அப்ப சம்பளம் கையிலதான். பேங்க்ல கணக்கு தொறக்க விடமாட்டான்.
ஆஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரன் ரேட்டு கேப்பான்.
கிட்னிய எடுத்தாலும் அதுக்கும் பில்லு போடுவான்."
சிரித்தான். மேல்பல் ஒன்று இல்லை.
"முழு மனுசனான்னு கேக்குறாங்களே அக்கா,
அந்தப் பணக்காரனக் கேட்டாங்களா?"

இல்லை.
ஆறு அத்தியாயத்தில் ஓரிடத்தில்கூட
நான் அவனைக் கேட்கவில்லை.
வந்தான், நாற்காலியில் உட்கார்ந்தான்,
மனிதன் என்று நானே எழுதிக்கொண்டேன்.

ஏழு தாளும் வந்து விழுந்தன.
வெளியே மழை.
யுகேந்திரன் அவற்றை எடுத்துக்
கன்னத்தில் வைத்துக்கொண்டான்.
புது நகல், நல்ல சூடு.
எழுபது காசு. சில்லறை இல்லை,
எழுதி வச்சுக்குங்க என்றான்.
கடன் நோட்டில் பெயரை எழுதினேன்.
யாருடைய மகன் என்று
கடன் நோட்டு கேட்பதில்லை.

அவன் போனபின் கதைத்தாளை எடுத்தேன்.
ஆம், இல்லை, நடுவிலிருந்த கோடு
எல்லாவற்றையும் அடித்தேன்.
பணக்காரனின் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் எழுதினேன்:
அசல் கொண்டு வரவும்.